நாலு நாற்பதுக்கு எல்லோரும் படிக்கட்டில்

என் கணவர் பொய்யே சொல்லாத மனிதர் என்று, துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேராவது சொன்னார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடம் பொய்யை நேர்த்தியாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த மனிதரைப் பற்றித்தான் அவர்கள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இவர் கல்யாணப் படம் எடுப்பவர். பூட்டுக்கடைக்கு மேலே இரண்டு அறையில் ஸ்டுடியோ. முன்னறையில் பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு நீல நாற்காலி. பின்னறையில் கணினி, ஆல்பம் அட்டைகள், அப்புறம் குடை. குடை என்றால் பொருளும் உண்டு, ஆளும் உண்டு. வெளிச்சத்துக்காக வெள்ளைக் குடையைப் பிடித்துப் பிடித்து, பிடிப்பவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பதைத் தாண்டியவர், தலையில் பேருக்குக்கூட முடி கிடையாது. ‘குடை’ என்றால் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்துச் சும்மா இருப்பார்.

தொழிலில் முதல் சில வருடங்கள் இவருக்குக் கேமராவோடு மல்லுக்கட்டுவதிலேயே போயின. பிறகுதான், கல்யாணப் படம் கெடுவதற்குக் காரணம் கேமரா இல்லை, சீப்பு என்று கண்டுபிடித்தார். வீட்டில் ஒரே ஒரு நிலைக்கண்ணாடி இருக்கும். அதன் முன்னால் ஐந்து பெண்கள் தலை சீவ வேண்டும். ஒவ்வொருத்தியும் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்தாலும் ஐம்பது நிமிடம் போச்சு. அந்த ஐம்பது நிமிடம் பதிவேட்டுக் கையெழுத்தைத் தள்ளும், கையெழுத்து சாப்பாட்டைத் தள்ளும், சாப்பாடு முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வரும்போது சூரியன் வீட்டுக்குப் போயிருக்கும்.

“கல்யாண நாள் காலைல ஆரம்பிக்குதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது சாயங்காலத்துல ஆரம்பிக்குது” என்பார். தாளின் அடியில் வெளிச்சம் போகும் நேரத்தை எழுதிவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி ஏணி ஏறுவதுபோல ஒவ்வொரு வேலையாக எழுதிக்கொண்டு போவார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே பெண் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார். வீட்டில் எத்தனை கண்ணாடி, எத்தனை குளியலறை, உடையின் முதுகில் எத்தனை பொத்தான். ஒரு வீட்டில், “பொண்ணோட அம்மா அழுவாங்களா?” என்று கேட்டதும் அந்த அம்மா அங்கேயே அழுதுவிட்டார். இவர் ஆறுதல் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘அழுகை – 7’ என்று குறித்துக்கொண்டார்.

அதிலிருந்து எல்லாக் கல்யாண அட்டவணையிலும் அழுகைக்கு ஏழு நிமிடம், அதன்பின் முகத்தைச் சரிசெய்யப் பன்னிரண்டு நிமிடம், செருப்புத் தேட ஆறு. ஒரு மாப்பிள்ளையின் அப்பா அட்டவணையைப் படித்துவிட்டுக் கவலையோடு கேட்டார்: “சார், அந்த நேரத்துல எனக்கு அழுகை வரலன்னா?”

“மூக்கைச் சிந்துங்க சார். படத்துல ரெண்டும் ஒண்ணுதான்.”

ஆனால் அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டால் மனிதர்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்களா? அங்கேதான் பொய் வந்தது. இவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. யார் யார் எவ்வளவு தாமதமாக வருவார்கள் என்று விசாரித்து, உறவைப் போட்டு எதிரே எண்ணைப் போடுவார். பெண்ணின் சித்தப்பா 35. மாப்பிள்ளையின் அத்தை 20. சித்தப்பா பத்து மணிக்கு வேண்டும் என்றால், அவருக்கென்று தனியாக அச்சாகும் அட்டையில் 9.25 என்று இருக்கும். ஆளுக்கு ஒரு அட்டை, ஆளுக்கு ஒரு நேரம். சித்தப்பா வழக்கம்போல முப்பத்தைந்து நிமிடம் தாமதமாக, தான் ஒருவன்தான் லேட் என்ற குற்ற உணர்ச்சியோடு ஓடிவந்து, சரியாகப் பத்துக்கு நிற்பார். வெட்கப்பட்டு நிற்கும் மனிதன் படத்தில் அழகாக விழுவான் என்பது இவருடைய கட்சி.

அந்த நோட்டில் இருந்த எண்களிலேயே பெரியது இவருடைய சொந்த அண்ணனுக்கு: 50.

குடும்பத்தில் எல்லோரும் பெரியவர் என்று சொல்லும் அவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. தெருவில் போகும்போது எந்த வீட்டிலிருந்தாவது மெஷின் சத்தம் பிசகிக் கேட்டால் கால் தானாக உள்ளே திரும்பிவிடும். “என்னம்மா, ஊசி எங்கியோ இடிக்குதே” என்று உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். போய்க்கொண்டிருப்பது சாவு வீடாக இருந்தாலும் சரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. “அதுக்கும் லேட்டாயிடுச்சு” என்பாள் என் நாத்தனார், இந்த இரண்டு பேருக்கும் ஒரே தங்கை.

அந்த நாத்தனாரின் மகள் கல்யாணத்தில்தான் வினை வந்தது. பெரியவர் ஒன்பதுக்கு வர வேண்டும். இவர் ஐம்பதைக் கழித்து, 8.10 என்று அட்டை கொடுத்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து வழியில் ஒரு மெஷினும் பிசகவில்லை. பெரியவர் சரியாக எட்டுப் பத்துக்கு மண்டபத்து வாசலில் நின்றார். கதவு பூட்டியிருந்தது. காவலாளிகூட வரவில்லை. புதுச் சட்டையோடு, மடியில் பரிசுப் பெட்டியை வைத்துக்கொண்டு, படியில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஒரு நாய் வந்து பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, சரி, இவரும் நம்ம ஆள்தான் என்று பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. ஒன்பது மணிக்கு மற்றவர்கள் வந்தார்கள். பெரியவர் ஒருத்தரின் அட்டையை வாங்கிப் பார்த்தார். 8.40 என்று இருந்தது. இன்னொருத்தருடையதைப் பார்த்தார். 8.55.

“என் தம்பி என்னை நாயோட உட்கார வெச்சுட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். ஆறு வருடம் பேச்சில்லை. இவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்து, எங்கள் மகளைப் பார்த்துவிட்டுப் போவார். சின்ன வயதில் அவளுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தது அவர்தான். பள்ளிக்கூடப் பையின் ஜிப்பிலிருந்து கல்லூரிக் குடை வரைக்கும் தைத்துக்கொடுத்ததும் அவர்தான்.

மகளுக்குக் கல்யாணம் முடிவானது. இவர் கூடத்தில் உட்கார்ந்து தாளின் அடியில் வெளிச்சம் போகும் நேரத்தை எழுத ஆரம்பிக்கும் முன்பே அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, குடும்பப் படம் எத்தனை மணிக்கு?”

“நாலு நாற்பது. அஞ்சு ரெண்டு வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.”

அதற்காக அவர் ஏற்கனவே கல்யாணத்துக்குப் பிடித்திருந்த மண்டபத்தின் மேற்குப் பக்கப் படிக்கட்டில் ஒரு சாயங்காலம் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்தார். பகல் குறுகிய மாதம். ஐந்து இரண்டுக்குச் சூரியன் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடுகிறது, அதோடு அன்றைய கதை முடிந்தது. காவலாளி இவரைத் திருடன் என்று நினைத்து இரண்டு முறை பெயர் கேட்டிருக்கிறான்.

“எனக்கு ஒரு பக்கம் நீங்க, இன்னொரு பக்கம் பெரியப்பா. அவர் இல்லன்னா அந்தப் படமே எனக்கு வேண்டாம்ப்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இவர் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பார்.

மற்றவர்களுக்கெல்லாம் அட்டை போய்விட்டது; அண்ணனுடையதை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று நாள் அல்லாடினார். ஐம்பதைக் கழித்தால் 3.50. மறுபடியும் அண்ணனைப் படியில் உட்காரவைத்த பாவம். கழிக்காமல் விட்டால் அவர் வழக்கம்போல ஐந்தரைக்கு வருவார், படத்தில் எல்லோரும் கரி மாதிரி இருப்பார்கள். சாப்பிடும்போதும் எண்ணைத்தான் மென்றார். மூன்றாம் நாள் சாயங்காலம், 4.40 என்று அச்சடித்தார். கழிக்காமல் அச்சான முதல் அட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, உடையில்லாமல் தெருவில் நிற்பவர் போல இருந்தார்.

“நீயும் கூட வா” என்றார்.

பெரியவரின் பட்டறை ஒரு நீளமான அறை. இரண்டு பக்கமும் தலை கழற்றிய மெஷின்கள். எண்ணெய் வாசனை. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வாம்மா. உட்காரு. கூட வந்தவரையும் உட்காரச் சொல்லு.”

கூட வந்தவர் உட்கார்ந்தார்.

“என்ன விஷயம்னு கேளும்மா.”

“அண்ணா, பொண்ணு கல்யாணம்…” என்று இவர் ஆரம்பித்தார்.

“அது எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லும்மா. மாப்பிள்ளைப் பையனும் வந்து பார்த்துட்டுப் போனான். அவங்க வீட்டு மெஷினுக்கு பெல்ட் மாத்திக் குடுத்திருக்கேன்.”

இவர் அட்டையை நீட்டினார். பெரியவர் அதை என் கையில் கொடுக்கச் சொல்லி, என் கையிலிருந்து வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

“நாலு நாற்பது. இதுல எவ்வளவு பொய்னு கேளும்மா.”

“பொய்யே இல்லண்ணா. நாலு நாற்பதுன்னா நாலு நாற்பதுதான்.”

“எட்டுப் பத்தையும் இதே மூஞ்சியோடதான் குடுத்தான்.” அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “காலைல கையெழுத்துக்கு வர மாட்டேன். வந்தா இவன்கூட நின்னு பேசணும். படத்துக்கு வர்றேன். படத்துல பேச வேண்டியதில்ல, சிரிச்சா போதும்.”

படி இறங்கும்போது இவர் ஆறு வருடத்தில் முதல் முறையாக விசில் அடித்தார்.

மறுநாள் காலை நாத்தனார் கையில் நான்கு அட்டைகளோடு வந்து நின்றாள். பெரியவர் போன் செய்திருக்கிறார்: உன் அட்டையை அக்கம்பக்கத்து அட்டையோட வெச்சுப் பாரு. நாத்தனார் பார்த்திருக்கிறாள்.

“சின்னண்ணா, எனக்கு ஆறு முப்பத்தஞ்சு. என் ஓரகத்திக்கு ஏழுக்குப் பத்து. எதுக்கு?”

“அது… பிரிண்டர் கோளாறு.”

“நோட்டைக் குடு.”

“எந்த நோட்டு?”

“அண்ணி, அந்த நோட்டு எங்க?”

நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். எனக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது. அவள் விரல் வைத்துத் தேடினாள். “எனக்கு இருபத்தஞ்சு! அவளுக்கு வெறும் பத்து! அவ என் வீட்டு விசேஷத்துக்கு மறுநாள் வந்தவ, அவளுக்குப் பத்தா?”

“அவங்க ஒரு தடவை சீக்கிரமா வந்தாங்க…”

“நடுவுல அண்ணி பேரும் இருக்கே. பதினஞ்சு.”

நான் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அது பதினைந்து நிமிடம் வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை தடவை கடைக்காரரிடம் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், “நான் குடுத்துட்டு வர்றேன், நீ அலையாத” என்று இவர்தான் எடுத்துப் போவார். அன்று மத்தியானம் நான் இவருக்குச் சாப்பாடு போட்டேன், ஆனால் பேசவில்லை.

நாத்தனார் அதோடு விடவில்லை. அங்கேயே நின்று பெரியவருக்குப் போன் போட்டாள். “பெரியண்ணா, உனக்கு அம்பது! ஆமா, அம்பது நிமிஷம் கழிச்சுத்தான் உனக்கு எப்பவும் போடுவானாம். நோட்டுலயே இருக்கு.”

இவர் பதறினார். “இந்தத் தடவை அவருக்குக் கழிக்கலைன்னு சொல்லு!”

“நீயே சொல்லு” என்று போனை நீட்டினாள். அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

“மறுபடி போட்டுச் சொல்லிடுங்களேன்” என்றேன் நான், சண்டையை ஒரு நிமிடம் மறந்து.

“உண்மையைத்தானே குடுத்திருக்கேன். உண்மைக்கு எதுக்கு விளக்கம்?” என்றார். உண்மை சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அதை ஒரு தடவை சொன்னால் போதும், மற்றவர்கள் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று நினைத்துவிட்டார்.

மற்றவர்களுக்காக அன்றே எல்லா அட்டைகளையும் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே நேரம், நிஜமான நேரம் போட்டுப் புது அட்டை அடித்தார். குடை அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்: “அண்ணே, வாங்கும்போதே எல்லாரும் ஒரு மாதிரி சிரிக்கிறாங்க. எனக்கு பயமா இருக்கு.”

கல்யாணத்தன்று காலை ஆறரைக்கு வாசலில் மணி அடித்தது. நாத்தனார். முழு அலங்காரத்தில் நின்று, மணிக்கட்டைத் திருப்பி இவர் மூக்குக்கு நேரே காட்டினாள். “அட்டைல ஏழு. நான் ஆறரை. நோட்டுல எழுதிக்கோ, மைனஸ் முப்பது.” அவளுக்குப் பின்னால் ஓரகத்தி. அவளுக்குப் பின்னால் மற்ற ஐந்து பேர். எங்கள் குடும்ப வரலாற்றில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒரு வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் இவருக்குத் தன் தவறு புரிந்தது. அட்டவணையை மட்டும்தான் மாற்றியிருந்தார், உள்ளே இருந்த கணக்கு பழையதுதான். ஒருத்தி லேட், அடுத்தவள் அதைவிட லேட், அந்த இடைவெளியில் ஒவ்வொருத்தியாகக் கண்ணாடி முன் உட்காருவாள் என்பதுதான் இருபத்திரண்டு வருட ஏற்பாடு. யாரும் தாமதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் யோசித்ததே இல்லை. ஒரு கண்ணாடி, ஏழு தலை. ஒரு குளியலறை, வெளியே வரிசை. மணப்பெண் பல் துலக்கிக்கொண்டே மூன்றாவது ஆளாக நின்றாள்.

மண்டபத்தில் பதினொன்றரைக்குக் கையெழுத்து. பதிவாளர் இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்தார். உள்ளே பரீட்சைக் கூடம் மாதிரி எல்லோரும் வரிசையாக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “மன்னிக்கணும், கொஞ்சம் லேட்டாயிடுச்சு” என்றார். அழுகைக்கு ஒதுக்கிய ஏழு நிமிடத்தில் எல்லோரும் என் முகத்தையே பார்த்ததால் எனக்கு அழுகை வரவில்லை. நேரம் முடிந்த பிறகு சாப்பாட்டு மேசையில் வந்தது. அது அட்டவணையில் இல்லை, அதனால் யாரும் படம் எடுக்கவில்லை.

எல்லாம் நேரத்துக்கு முன்பே நடந்தால் என்ன ஆகும்? இரண்டு மணிக்கெல்லாம் செய்ய எதுவுமே மிச்சமில்லை. படத்துக்கு இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம். சம்பந்தி மூன்று நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுத்தவர், எழுந்தபோது சட்டை கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் அக்கா பிள்ளைகள் பழச்சாற்றில் ஒருவரையொருவர் குளிப்பாட்டியிருந்தார்கள். குடை, குடைக்கு அடியில் தூங்கினார். இவர் மட்டும் படிக்கட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

நாலரைக்கு எல்லோரையும் எழுப்பி, துடைத்து, சீவி, படிக்கட்டில் நிறுத்தினோம். முப்பத்தொரு பேர். நடுவில் மகள், அவளுக்குப் பின்னால் ஒரு படி மேலே மாப்பிள்ளை. கேமரா முக்காலியில், அதன் பின்னால் குடை, ஏனென்றால் படத்தில் இவரும் நிற்க வேண்டும். மகளின் இடது பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இடம்.

நாலு நாற்பதுக்கு வெளிச்சம் வந்தது. எதிர்க் கட்டடத்தின் விளிம்பிலிருந்து சாய்ந்து வந்து முதல் படியில் விழுந்து, மேலே ஏறி, ஒவ்வொரு முகமாகத் தொட்டது. சம்பந்தியின் கசங்கிய சட்டைகூட விலையுயர்ந்த துணி மாதிரி தெரிந்தது. நாத்தனார் இருபது வயது குறைந்தாள். “ஐயோ, இதுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா” என்று மெதுவாகச் சொன்னாள்.

பெரியவர் வரவில்லை.

நாலு ஐம்பதுக்கு மகள் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெரியவரின் கைபேசி எப்போதும் வீட்டில் சார்ஜில் இருக்கும், அவர் மட்டும்தான் வெளியே போவார். நாலு ஐம்பத்தைந்துக்கு வெளிச்சம் கீழ்ப்படியை விட்டுவிட்டது.

“அண்ணே,” என்றார் குடை, கெஞ்சும் குரலில், “இப்ப ஒண்ணு எடுத்துக்கலாம். அவர் வந்ததும் இன்னொண்ணு.”

“அதானே” என்றார் சம்பந்தி. “ரெண்டா எடுத்தா என்ன?”

மகள் தன் பக்கத்தில் இருந்த காலி இடத்தை மட்டும் பார்த்தாள்.

இவர் வரிசையிலிருந்து இறங்கி வந்தார். “ரெண்டு எடுத்தா, நல்லா வந்ததைத்தான் மாட்டுவீங்க. எங்க அண்ணன் நல்லா வராததுல இருப்பார். இத்தனை வருஷமா எல்லா வீட்லயும் பார்த்துட்டேன்.” கேமராவிடம் போய் லென்ஸ் மூடியைப் போட்டார். “யாரும் நகரக் கூடாது.”

ஒரு துண்டு வெளிச்சத்துக்காக மணமக்களைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடிய மனிதர். மூடியைப் போட்ட கையைக் கேமராவின் மேலேயே வைத்துக்கொண்டு, அந்தத் தங்க வெளிச்சம் ஒவ்வொரு முகமாக விட்டு விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஐந்து இரண்டுக்குச் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போனது. குடை அதைப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்து பத்துக்கு நாத்தனார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். “நாலு நாற்பதுல இருந்து நிக்கிறேன். நோட்டுல எழுது. இதையும் எழுது.” ஐந்து இருபதுக்குப் பிள்ளைகளில் ஒன்று நின்றபடியே தூங்கியது. சம்பந்தி தன் மனைவியிடம், “நம்ம பையனை நல்லா விசாரிச்சுட்டுத்தான் குடுத்தோமா?” என்று கேட்டது எனக்கே கேட்டது. கட்டட நிழலில் படிக்கட்டு இருண்டது, விளக்குகள் எரிய ஆரம்பித்தன.

சரியாக ஐந்தரைக்குத் தெருமுனையில் பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, அப்போதுதான் ஷேவ் செய்த கன்னம். பவுடர் வாசனை அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது. படிக்கட்டில் எல்லோரும் நிற்பதைப் பார்த்ததும் நடையில் ஒரு மிடுக்கு வந்தது. நேரே இவரிடம் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“அஞ்சரை. நாலு நாற்பதும் அம்பதும் அஞ்சரை. நாலரைக்கே வந்துட்டேன்டா. அடுத்த தெரு சலூன்ல உட்கார்ந்து, ஷேவ் பண்ணி, பேப்பர் ரெண்டு தடவை படிச்சு, ஒரு மெஷின் சத்தம்கூட காதுல போட்டுக்காம, சரியா அஞ்சரைக்கு எந்திரிச்சேன். இந்தத் தடவை உன்னால என்னை ஏமாத்த முடியல பாரு.”

முப்பத்தொரு பேரும் இவரைப் பார்த்தோம். நாலு நாற்பது நிஜம், நீங்கள் அடுத்த தெருவில் உட்கார்ந்திருந்தபோது இங்கே வெளிச்சம் இருந்தது என்று இவர் சொன்னால் எல்லாமே உண்மை. மறுபடியும் அண்ணன் ஒருத்தர்தான் முட்டாள்.

“முடியலண்ணா” என்றார் இவர். “கண்டுபிடிச்சுட்டீங்க. அஞ்சரைக்குத்தான் படம். இப்பத்தான் எல்லாரும் வந்து நின்னாங்க.”

பெரியவர் படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்வை தங்கையின் கையில் தொங்கிய செருப்பில் வந்து நின்றது.

“என்னடி, கால் வலிக்குதா?”

நாத்தனார் இவரை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதிலிருந்து சேர்த்துவைத்த கணக்கையெல்லாம் ஒருநாள் உன்னிடம் தீர்த்துக்கொள்கிறேன் என்ற பார்வை. பிறகு சொன்னாள்: “இல்லண்ணா. புதுச் செருப்பு, கடிக்குது. நாங்களே இப்பத்தான் வந்தோம்.”

“ஆமாமா, இப்பத்தான்” என்றார் சம்பந்தி. தூங்கி விழுந்த பிள்ளையை யாரோ நிமிர்த்திப் பிடித்தார்கள்.

பெரியவர் ஏறி வந்து மகளின் பக்கத்தில் நின்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் மறுபக்கம் போய் நின்றார்.

“இருட்டுல எதுக்குடா படம்?”

“இதுதாண்ணா இப்ப ஃபேஷன்.”

“என்ன ஃபேஷனோ. தள்ளி நில்லு, பொண்ணை நெருக்காத.”

குடை லென்ஸ் மூடியைக் கழற்றினார். இரண்டு ஃபிளாஷையும் போட்டார். பளிச்சென்று ஒரு வெளிச்சம். அதில் பாதிப் பேர் கண்ணை மூடிவிட்டார்கள், மீதிப் பேர் திருடனைப் பார்த்தவர்கள் மாதிரி விழித்தார்கள். நாத்தனார் செருப்பை ஒளித்து வைக்க மறந்துபோயிருந்தாள். பெரியவர் ஒருவர் மட்டும் அப்போதுதான் பறித்த காய் மாதிரிப் புத்தம்புதிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா? போகலாமா?” என்று பின்வரிசையிலிருந்து முனகல் வந்தது. எல்லோருடைய முட்டியும் ஒரே நேரத்தில் மடங்கத் தயாரானது.

“என்ன அவசரம்?” என்றார் பெரியவர். நாங்கள் அவ்வளவு நேரம் நின்றது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இவருக்கும் கடைசிவரை தெரியாது, கேட்கவும் இல்லை. “இன்னும் நாலஞ்சு எடுங்க. இப்பத்தானே வந்து நின்னோம்.”

முப்பத்தொரு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தோம். குடை பதினான்கு எடுத்தார்.